கள்ளக்கடல் என்றால் என்ன? உயரத்தைவிட நொடி முக்கியம்

2024 மே மாதத் தொடக்கத்தில் குமரிக் கடற்கரையில் புயல் இல்லை, மழை இல்லை, பெரிய காற்றும் இல்லை. கோடை விடுமுறை, நல்ல வெயில். ஆனால் மே 4 அதிகாலை தொடங்கி கடல் வழக்கமான எல்லையைத் தாண்டி மேலே ஏறியது. மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்கள். ‘கள்ளக்கடல்’ என்ற சொல்லை மாவட்டத்துக்கு வெளியே பலர் முதன்முறையாகக் கேட்டது அந்த வாரத்தில்தான். கேரளத்திலும் குமரியிலும் கடல்தொழில் செய்பவர்களிடம் அந்தச் சொல் நெடுங்காலமாக இருக்கிறது. 2012-ல் யுனெஸ்கோவும் அதை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது.

மேலே தெளிந்த வானம் இருக்க, கடல் எப்படிப் பொங்குகிறது? அந்த அலை இங்கே பிறந்ததே இல்லை. அது எங்கே பிறந்து, எப்படி வந்து, கரையில் ஏன் அவ்வளவு முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொண்டால், எச்சரிக்கை அறிவிப்பில் வரும் எண்களை நாமே வாசித்து முடிவெடுக்கலாம். அதற்கு அலையின் உயரம் மட்டும் தெரிந்தால் போதாது. அதன் நொடிக்கணக்கும், அதாவது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பதும் தெரிய வேண்டும்.

அலை பிறக்கும் இடம்

கடல் அலையில் பெரும்பாலானவை காற்று உண்டாக்குபவை. காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு அகன்ற கடல்பரப்பின் மேல் வீசுகிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. முட்டத்திலோ குளச்சலிலோ மாலையில் வீசும் கடற்காற்று எழுப்பும் அலை குட்டையானது. அடுத்தடுத்து நான்கு முதல் ஏழு நொடிக்கு ஒன்றாக வந்து விழும். இது உள்ளூர்க் காற்றலை. காற்று நின்றால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

தென் அட்சரேகை 40 டிகிரிக்குத் தெற்கே நிலைமை வேறு. அங்கே காற்றை மறிக்கக் கண்டம் என்று எதுவும் கிட்டத்தட்ட இல்லை. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு ஒன்று அங்கே உருவாகி, ஒரே திசையில் சில நாட்கள் பலத்த காற்றை வீசச் செய்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பில் அலை தொடர்ந்து காற்றின் ஆற்றலை வாங்கிக்கொண்டே இருக்கும். அங்கே பிறக்கும் அலைகளின் முகடுகளுக்கு இடையே 15, 18, சில நேரம் 20 நொடிக்கு மேலும் இடைவெளி இருக்கும். இந்த இடைவெளிக்கு அலைவுக்காலம் என்று பெயர். பிறந்த இடத்தை விட்டுக் காற்று இல்லாத கடலிலும் தொடர்ந்து ஓடும் இத்தகைய அலையை ‘ஸ்வெல்’ என்கிறார்கள். கள்ளக்கடல் என்பது நீண்ட அலைவுக்காலம் கொண்ட ஸ்வெல் கரையேறுவதுதான்.

2024 மே நிகழ்வில், ஏப்ரல் 26 அன்று இந்தியக் கரையிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் தொலைவில், தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருந்தது. 28-ஆம் தேதி அது தென் இந்தியப் பெருங்கடலுக்குள் நகர்ந்தது. அது எழுப்பிய அலைகள் மே 4 அதிகாலை நம் கரையைத் தொட்டன. எட்டு நாள் பயணம்.

எட்டு நாள் என்பதை நீங்களே கணக்கிடலாம்

ஆழ்கடலில் அலையைப் பற்றிய மூன்று கணக்குகள் மிக எளிமையானவை. அலைவுக்காலத்தை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 1.56-ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். அலைவுக்காலத்தை 1.56-ஆல் பெருக்கினால் ஒரு முகடு நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது தெரியும். ஆனால் அலைக்கூட்டத்தின் ஆற்றல் முகட்டின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் நகரும். ஆகவே கரைக்கு எப்போது வந்துசேரும் என்று கேட்டால் 0.78-ஆல் பெருக்க வேண்டும்.

6 நொடி அலைக்கு நீளம் 56 மீட்டர், ஆற்றல் நகரும் வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர். 18 நொடி அலைக்கு நீளம் 505 மீட்டர், வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர். 10,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் எட்டு நாளும் கொஞ்சமும். ஏப்ரல் 26-லிருந்து மே 4 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக வரும்.

எல்லா நிகழ்வுகளும் அட்லாண்டிக்கிலிருந்து வருவதில்லை. தென் அட்சரேகை 40 டிகிரியிலிருந்து நேர் வடக்கே கன்னியாகுமரி வரை சுமார் 5,300 கிலோமீட்டர். 18 நொடி அலைக்கு நாலரை நாள் வழி. தெற்கே ஒரு புயல் வலுப்பெறும்போதே செயற்கைக்கோளும் கணினி மாதிரிகளும் அதைப் பார்த்துவிடுவதால், கள்ளக்கடலைப் பல நாட்களுக்கு முன்பே கணிக்க முடிகிறது. திடீரென வருவதுபோலத் தோன்றினாலும், இயற்கைச் சீற்றங்களில் நமக்கு இவ்வளவு அவகாசம் தருபவை குறைவு. ஹைதராபாத்தில் உள்ள இந்திய கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், 2020 முதல் இதற்கெனத் தனி முன்னறிவிப்பு முறையை நடத்துகிறது.

மேலே உள்ள கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியவரும். அலைவுக்காலம் கூடக்கூட வேகம் கூடுகிறது. களியக்காவிளையிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படும் பஸ்ஸும் சைக்கிளும் நாகர்கோவிலை ஒரே நேரத்தில் அடைவதில்லை அல்லவா, அதுபோல ஒரே புயலில் பிறந்த 20 நொடி அலை முதலில் வந்துவிடும், 14 நொடி அலை பின்னால் வரும். 5,300 கிலோமீட்டர் தூரத்தில் இந்த இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் நாள் இடைவெளி. முதலில் வருபவை பெரும்பாலும் உயரம் குறைந்தவை. ஆழ்கடலில் அரை மீட்டர்கூட இருக்காது. கண்ணுக்குக் கடல் அமைதியாகத் தெரியும், ஆனால் கரையில் தண்ணீர் வழக்கத்தைவிட மெதுவாக ஏறி, வழக்கத்தைவிட மேலே போய், நீண்ட நேரம் பின்வாங்கும். பழகிய கடலோடிகள் ‘கடல் சரியில்லை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அப்படி ஒருவர் சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

ஒன்றரை மீட்டர் அலை கரையில் என்ன செய்யும்

அறிவிப்பில் ‘அலை உயரம் 1.5 மீட்டர்’ என்று போட்டிருந்தால் பலரும் ‘இவ்வளவுதானா’ என்று நினைக்கிறார்கள். ஜூன், ஜூலைப் பருவமழைக் காலத்தில் குமரி மேற்குக் கரையில் அதைவிடப் பெரிய அலை சாதாரணம். ஆனால் அறிவிப்பில் சொல்வது ஆழ்கடலில் உள்ள உயரம். அதே 1.5 மீட்டர் அலை, நொடிக்கணக்கைப் பொறுத்துக் கரையில் இரண்டு வெவ்வேறு பிராணிகள்போல நடந்துகொள்ளும்.

அலை தன் நீளத்தில் பாதி அளவு ஆழத்துக்கு வரும்போது கடல்தரையை உணரத் தொடங்குகிறது. 6 நொடி அலைக்கு அது 28 மீட்டர் ஆழம். 18 நொடி அலைக்கு 250 மீட்டர். அதாவது நீண்ட அலை கரைக்கு மிகத் தொலைவிலேயே தரையை உணர்ந்து, வேகம் குறைந்து, நீளம் சுருங்கி, அந்த ஆற்றலை உயரமாக மாற்றிக்கொண்டு வருகிறது. கடற்கரைப் பொறியாளர்கள் பயன்படுத்தும் வாய்பாட்டின்படி, 1.5 மீட்டர் உயரமுள்ள 6 நொடி அலை உடையும்போது தோராயமாக 1.7 மீட்டர் இருக்கும். 18 நொடி அலை 2.7 மீட்டராக எழுந்து உடையும். ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது.

அதைவிட முக்கியம், உடைந்த பிறகு தண்ணீர் மணலில் எவ்வளவு மேலே ஏறுகிறது என்பது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவான மணற்கரையை எடுத்துக்கொள்வோம். 6 நொடி அலையில் தண்ணீர் செங்குத்தாக 85 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறும். 18 நொடி அலையில் அது ஏறக்குறைய இரண்டரை மீட்டர். மணலில் அளந்தால் எட்டரை மீட்டருக்குப் பதிலாக 25 மீட்டர் உள்ளே வரும். உயரம் மாறவில்லை, நொடி மூன்று மடங்கானது, தண்ணீர் ஏறும் தூரமும் மூன்று மடங்கானது. சரிவு செங்குத்தாக உள்ள கரைகளில் இன்னும் மோசம். அங்கே இரண்டடி எடுத்துவைத்தால் கால் நிலைக்காது, திரும்பும் தண்ணீர் காலடி மணலையும் சேர்த்து உருவும்.

இன்னொரு ஆபத்து, அலைகள் கூட்டமாக வருவது. ஸ்வெல் எப்போதும் ஒரே அளவில் வராது. ஐந்தாறு பெரிய அலைகள் சேர்ந்து வரும், பிறகு சில நிமிடங்கள் சிறியவை மட்டும். 18 நொடிக்கு ஒன்று என்றால் ஒரு கூட்டமும் ஓர் இடைவேளையும் முடியவே பல நிமிடம் ஆகும். கடற்கரைக்கு வந்தவர் பார்ப்பது அந்த இடைவேளையைத்தான் என்றால், ‘கடல் அமைதியாக இருக்கிறது’ என்று இறங்கிவிடுவார். அடுத்த கூட்டம் வரும்போது கரையோரத்தின் மொத்த நீர்மட்டமே சில பத்து சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும், அதன் மேல் பெரிய அலை விழும். உயிர்கள் போவது இந்த இடத்தில்தான்.

அமாவாசை, பௌர்ணமி, நீராடல்

குமரிக் கரையில் ஏற்றத்துக்கும் (கடல்மட்டம் தினமும் உயர்வது) வற்றத்துக்கும் (அது தாழ்வது) உள்ள வேறுபாடு பெரிதல்ல, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஏற்றம் மட்டும் தனியாக வந்து ஊரை நனைப்பதில்லை. ஆனால் கள்ளக்கடலும் ஏற்றமும் ஒன்றாகச் சேர்ந்தால், கடல் அந்த உயர்ந்த மட்டத்திலிருந்து தன் ஏறுதலைத் தொடங்கும். அலைத்தடுப்புச் சுவரின் உச்சியைத் தொடுவதற்கும் தாண்டுவதற்கும் இந்த அளவு போதும்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலவு, பூமி ஒரே நேர்க்கோட்டில் வருவதால் ஏற்றம் அதிகம், வற்றமும் அதிகம். 2024 மே 8 அமாவாசை. மே 4 முதல் 6 வரை கடல் ஏற்கெனவே அந்த ஏற்றத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நம் மாவட்டத்தில் இதற்குத் தனிக் கவனம் தேவை. முக்கடல் சங்கமத்தில் மக்கள் நீராடத் திரளும் நாட்கள் தை அமாவாசை, ஆடி அமாவாசை, சித்ரா பௌர்ணமி. எல்லாமே ஏற்றம் கூடும் நாட்கள். அதிலும் சித்ரா பௌர்ணமி ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. பருவமழைக்கு முந்தைய அந்த மாதங்கள்தான் கள்ளக்கடல் அதிகம் பதிவாகும் காலமும். சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருசேரப் பார்க்கக் கூட்டம் பாறைகளின் மேல் நிற்கும் மாலை அது. நீராடலைத் தள்ளிப்போடச் சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை இருக்கும் நாளில் படித்துறையின் மேல்படியில் நின்று, வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாலும் நேர்ச்சை நிறைவேறும். குழந்தைகளையும் முதியவர்களையும் பாறைப் பக்கம் விடவே கூடாது. ஒரு பாறை ஈரமாக இருந்தால் அங்கே அலை வந்துபோயிருக்கிறது, மறுபடியும் வரும்.

அதே அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ‘கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கியது’ என்ற செய்தியும் அடிக்கடி வரும். பெரும்பாலான நேரம் அது அதிக வற்றம்தான். 2004 டிசம்பர் 26-ல் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பட்ட பாட்டை நினைத்து மக்கள் பதறுவது இயல்பு. வேறுபாடு இதுதான்: சுனாமியில் ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும், கடல் பல நிமிடங்களுக்குத் தொடர்ந்து உள்ளே போகும் அல்லது வெளியே வரும். கள்ளக்கடலில் அது நொடிக்கணக்கு. வற்றத்தில் மணிக்கணக்கு. ஆனால் கடல் சில நிமிடங்களுக்குள் வழக்கத்துக்கு மாறாகத் தொலைவுக்கு உள்வாங்கினால் காரணத்தை ஆராயாமல் மேட்டுக்கு ஓடுவதே சரி.

அறிவிப்பை வாசிப்பது

இன்காய்ஸ் அறிவிப்பில் நம் மாவட்டத்துக்குப் பெரும்பாலும் ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்று குறிப்பிட்டிருக்கும். நிறம் பச்சை என்றால் ஆபத்தில்லை, மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் எச்சரிக்கை. நிறத்தோடு நிறுத்திவிடாமல் மூன்று எண்களைப் பாருங்கள்: எப்போதிலிருந்து எப்போது வரை, அலை உயரம் எவ்வளவு, அலைவுக்காலம் எத்தனை நொடி. நொடி 15-ஐத் தாண்டினால் உயரம் ஒரு மீட்டர் என்றிருந்தாலும் கரையோரம் பாதுகாப்பானதல்ல. பிறகு நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏற்ற நேரத்தில் இன்னும் எச்சரிக்கை. ஏற்றம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், நாளுக்கு நாள் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

அறிவிப்பு கையில் இல்லாவிட்டாலும் நொடியை நீங்களே அளக்கலாம். மேடான இடத்தில், தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றுகொண்டு, கடலில் தெரியும் ஒரு பாறையையோ மிதவையையோ குறிவையுங்கள். ஒரு முகடு அதைக் கடக்கும்போது செல்போனில் நேரத்தைத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு பத்தாவது முகடு கடக்கும்போது நிறுத்துங்கள். வந்த நொடியைப் பத்தால் வகுங்கள். வகுப்பதற்கு முன் 60, 70 நொடி வந்தால் உள்ளூர் அலை. 150, 180 என்று வந்தால் தொலைவிலிருந்து வந்த ஸ்வெல். இடைவேளையைக் கண்டு ஏமாறாமல் இருக்க, குறைந்தது இருபது நிமிடம் பார்த்த பிறகுதான் எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

கடலோர ஊர்களில் இந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்கக் கோயில் மைக்கைவிட வேகமானது எதுவுமில்லை. ஆனால் ‘கடல் சீற்றமாக இருக்கும், யாரும் போக வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், வெயிலடிக்கும் நாளில் கேட்பவருக்கு நம்பிக்கை வராது. ‘காற்று இருக்காது, ஆனால் 18 நொடி அலை வருகிறது, நாளை மதிய ஏற்றத்தில் தண்ணீர் சுவரைத் தாண்டலாம்’ என்று காரணத்தோடு சொல்லிப் பாருங்கள், வள்ளத்தை மேலே இழுப்பார்கள்.

தொழிலுக்குப் போகிறவர்களுக்கு

கள்ளக்கடலில் ஆழ்கடல் ஆபத்தில்லை. 505 மீட்டர் நீளத்தில் 1.5 மீட்டர் ஏற்றம் என்பது படகில் இருப்பவர் உணரவே முடியாத சாய்வு. தூத்தூர் வட்டாரத்திலிருந்து பல நாள் தங்கல் தொழிலுக்குப் போன விசைப்படகுகளுக்குத் தொந்தரவு இல்லை. புயலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தபோது ஆழ்கடல்தான் கொலைக்களமானது. இங்கே ஆபத்து முழுவதும் கரையிலும் துறைமுக முகத்துவாரத்திலும்தான்.

முகத்துவாரத்தில் மணல் திட்டு இருந்தால் ஆழம் குறைந்து, வெளியே தெரியாத அலை அங்கே திடீரென எழுந்து உடையும். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து எத்தனையோ பேரை இழந்திருக்கிறோம், அந்த இடத்தின் அருமையும் ஆபத்தும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எச்சரிக்கை நாளில் திரும்பி வரும் படகு நேராக உள்ளே ஓடிவரக் கூடாது. 20 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் நின்று, இரண்டு மூன்று அலைக்கூட்டம் கடப்பதைப் பார்க்க வேண்டும். கூட்டத்தின் கடைசி அலை போனதும், அதன் முதுகில் இருந்தபடியே, அதை முந்தாமல் உள்ளே வர வேண்டும். முந்தினால் முன்பக்கம் சரிந்து பக்கவாட்டில் திரும்பிவிடும், கவிழ்வது அப்படித்தான். சந்தேகமாக இருந்தால் ஏற்றம் வரும்வரை வெளியே காத்திருங்கள், திட்டின் மேல் ஆழம் கூடும். பனிக்கட்டி உருகி மீன் கெட்டால் பணம்தான் போகும்.

கரையில் இருக்கும் வள்ளங்களை ஈரக்கோட்டிலிருந்து குறைந்தது 30 மீட்டராவது மேலே இழுங்கள், இடமில்லாத ஊர்களில் தெருவுக்கே கொண்டுபோக வேண்டும். இன்ஜினையும் வலையையும் தனியாகக் கழற்றி வையுங்கள். துறைமுகத்துக்குள் கட்டும்போது படகுகளை நெருக்கிக் கட்டாதீர்கள். நீண்ட அலை துறைமுகத்துக்குள்ளும் நுழைந்து மொத்த நீரையும் ஆட்டும், ஒன்றோடொன்று மோதிப் பலகை உடையும். கயிற்றை இறுக்கமாகவும் கட்டக் கூடாது, தண்ணீர் ஏறி இறங்க இடம் விட வேண்டும். கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலைக்காரர்கள் அன்று இழுக்கவே கூடாது, இடுப்பளவு நீரில் நின்று வேலை செய்யும் தொழில் அது.

இழுப்பில் சிக்கினால்

பெரிய அலைக்கூட்டம் கரையில் குவித்த தண்ணீர் எங்காவது ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல் திட்டு தாழ்ந்த இடம், பாறையின் ஓரம், தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்தடுப்பு) பக்கம் ஆகிய இடங்களில் அது ஒரு குறுகிய ஆறுபோல வெளியே ஓடும். அங்கே அலை உடையாது, வெள்ளை நுரை இருக்காது, தண்ணீர் சற்றுக் கலங்கலாக இருக்கும். நீச்சல் தெரியாதவர்கள் ‘இங்கே அமைதியாக இருக்கிறது’ என்று தேடிப்போய் இறங்குவது இந்த இடத்தில்தான்.

சிக்கியவர் கரையை நோக்கி நீந்தினால் சில நிமிடத்தில் சோர்ந்துவிடுவார். மல்லாந்து மிதக்க வேண்டும், கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். பார்த்துக்கொண்டிருப்பவர் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் போவது இந்த மாவட்டத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கயிறு, மூடிய காலிக் கேன், வேட்டி, எது கிடைத்தாலும் வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்சுக்கு 108.

கரையேற்றியவருக்கு மூச்சு இல்லை என்றால், தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது, சுற்றுவது எதுவும் செய்யாதீர்கள். வயிற்றுத் தண்ணீர் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், பொன்னான நேரமும் போகும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, நெஞ்சு உயரும்படி வாயோடு வாய் வைத்து முதலில் 2 முதல் 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் 30 முறை அமுக்கி, 2 முறை ஊதி, உதவி வரும்வரை தொடருங்கள். வாயிலிருந்து வரும் நுரையைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், அதன் ஊடாகவே ஊதுங்கள். எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் போன உப்புநீர் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறலை உண்டாக்கலாம், ஆறு முதல் எட்டு மணி நேரமாவது கண்காணிப்பில் இருப்பது நல்லது.

வீட்டுக்குள் தண்ணீர் வந்தால்

முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது, தண்ணீர் வருவதற்கு முன்பே. அலைத்தடுப்புச் சுவரின் பின்னால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். நீண்ட அலை கல்லிடுக்கு வழியாகப் புகுந்து, கற்களையே நகர்த்தும். சுவர் உள்ள இடத்தில் அலை மோதித் திரும்பி அடிமணலை அரிப்பதும், ஓர் ஊரில் போட்ட தூண்டில் வளைவு அடுத்த ஊருக்கு வரவேண்டிய மணலைத் தடுப்பதும் பல கரைகளில் பார்த்த விஷயம். ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கல் போடாமல், நீரோடியிலிருந்து முழுக் கரையையும் ஒன்றாகக் கணக்கிட்டுத் திட்டமிட வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

கிணற்றில் கடல்நீர் புகுந்தால் மோட்டார் போட்டு ஒரேயடியாக வற்ற இறைக்கக் கூடாது. கடலோர மணலில் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேல்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால் காலப்போக்கில் அடியிலுள்ள உப்புநீரின் எல்லை 40 மீட்டர் வரை மேலே வரக்கூடும். கொஞ்சம் கொஞ்சமாக, பல நாட்கள் விட்டுவிட்டு இறையுங்கள், மழை வந்ததும் தேறும். செப்டிக் டேங்க் நீரும் கலந்திருக்கும் என்பதால் கிருமிநீக்கம் தேவை. கிணற்றின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 0.785-ஆலும் பெருக்கினால் கன மீட்டர் வரும், ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். ஒன்றரை மீட்டர் விட்டமும் இரண்டு மீட்டர் நீரும் உள்ள கிணற்றுக்கு 9 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். இது கிருமியைத்தான் கொல்லும், உப்பை எடுக்காது. உப்பு தீரும்வரை குடிக்கவும் கஞ்சி வைக்கவும் குழாய்நீரையே பயன்படுத்துங்கள், குறிப்பாக இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டில்.